எடிஸ்ரன் பாறையும் பொறியியலாளர் தொழிலும்

பொறியியலாளர் என்னுஞ் சொல் நம் கல்லூரிகளில் நாள்தோறும் வழங்குவதொன்று. கணிதத்தில் வல்ல மாணவரைக் காணுமிடத்து, அவர் பொறியியலாளராவார் என ஆசிரியர் கூறுவர். பெற்றோரும் அதனையே விரும்புவர். பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்துட் புகுதற்கு எப்பாடங்களில் எத்தகைய பெறுபேறு வேண்டுமென்பது மாணவர் யாவரும் அறிந்ததே. ஆயின், அப்பீடத்தினின்று வெளியேறிய பின் அவர் ஆற்றுந் தொழில் யாது என வினவின், கட்டடங் கட்டுதல், பாலம் அமைத்தல், இயந்திரம் இயக்குதல் என்னும் விடைகளே பெரும்பாலும் கிடைக்கின்றன. கட்டடத்தைக் கட்டுவோர் மேசன்மார். மரவேலை செய்வோர் தச்சர். இயந்திரத்தை இயக்குவோர் அதற்கெனப் பயின்ற தொழிலாளர். இவர்களெல்லாம் இருக்கப் பொறியியலாளர் எதற்கு?

இவ்வினா சிறுபிள்ளைத்தனமானதன்று. பிரான்சு நாட்டிலே வீதிகளையும் பாலங்களையும் அமைத்தற்கென அரசனது பொறியியற் குழுவொன்று 1716ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டது. அதற்குரிய கல்லூரி 1747இல் தோன்றிற்று. இங்கிலாந்திலோ அத்தகைய குழுவுமில்லை, கல்லூரியுமில்லை. ஆங்கே பொறியியலாளர் என்னுந் தனித் தொழிலினர் யாவர் என்பதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தெளிவான விடை இருந்ததில்லை. அவ்விடை ஏட்டில் எழுதப்படுமுன்னர்க் கடல் நடுவேயுள்ள ஒரு பாறையின்மேல் எழுதப்பட்டது எனலாம். அப்பாறையில் ஒருவர்பின் ஒருவராக மூவர் கலங்கரை விளக்கம் அமைத்தனர். மூவரும் துணிவுடையோர், மூவரும் அறிவுடையோர். அவருள் மூன்றாமவரையே உலகம் பொறியியலாளர் எனக் கொண்டது. அவ்வேறுபாடு எதிலே தங்கிற்று என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதலிற் சொல்லைப்பற்றிச் சிறிது கூறுதல் தகும். பொறி என்பது தமிழிற் பழைய சொல். மதுரை மதிலின்மேற் பகைவரைத் தாக்குதற்கு அமைந்திருந்த பலவகைப் பொறிகளைச் சிலப்பதிகாரம் அடுக்கிக் கூறுகின்றது. ஆங்கிலத்தில் இத்தொழிலினரைக் குறிக்கும் சொல்லும் இலத்தீன் மொழியில் அறிவுத்திறனைக் குறித்த ஒரு சொல்லினின்று கிளைத்து, நெடுங்காலம் போர்ப்பொறி செய்வோனையும் கோட்டை அமைப்போனையுமே குறித்து நின்றது. இரு மொழியிலும் இச்சொல் போர்க்களத்தின் வழியே வந்தமை நோக்கற்பாலது. படைக்குரிய பொறியியலாளரினின்று வேறுபடுத்துதற்காகவே 'குடிசார்' என்னும் அடைமொழி பின்னர்ச் சேர்க்கப்பட்டது. அவ்வடைமொழியோடு தம்மை முதன்முதல் அழைத்துக்கொண்டவராகக் கருதப்படுபவர் ஜோன் ஸ்மீற்றன் என்னும் ஆங்கிலேயர். அவரே மேற்கூறிய மூவருள் மூன்றாமவர்.

இனி, அந்தப் பாறை. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள பிளிமத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 14 மைல் தொலைவில், ஆழ்கடலினின்று திடீரென எழும் பாறைத்தொடர் எடிஸ்ரன் எனப்படும். கடல் பெருகும்போது அதன் பெரும்பகுதி நீருள் மறைந்துவிடும். அத்திலாந்திக் கடலின் அலைகள் தடையேதுமின்றி வந்து முதன்முதல் மோதுமிடங்களுள் அதுவும் ஒன்று. பிளிமத்தை நோக்கி வந்த பாய்க்கப்பல்கள் இரவிலே அதன்மீது மோதிச் சிதைந்தன. அதற்கு அஞ்சி மிகத் தெற்கே விலகிச் சென்ற கப்பல்கள் பிரான்சுக் கரையிலுள்ள பாறைகளில் அகப்பட்டு அழிந்தன. ஆகவே அங்கே ஒரு விளக்கு வேண்டுமென்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. எங்ஙனம் அமைப்பது என்பதே கேள்வி. கரையிலே கலங்கரை விளக்கம் அமைத்தல் பழந்தமிழரும் அறிந்த செயல். பெரும்பாணாற்றுப்படை அத்தகையதொன்றை வருணிக்கின்றது. நம் கரையோர மக்கள் வெளிச்சவீடு என வழங்குவதும் அதுவே. ஆனால் திறந்த கடலின் நடுவே, அலை வந்து மூடும் பாறையின்மேல் ஒன்றை நிறுத்துதல் முற்றிலும் வேறானது.

முதலில் முயன்றவர் ஹென்றி வின்ஸ்ரன்லி. இவர் செதுக்கோவியர்; வேடிக்கைப் பொறிகள் நிறைந்த தம் வீட்டைக் கட்டணம் பெற்றுப் பிறர்க்குக் காட்டியவர். தம் கப்பல்கள் எடிஸ்ரனில் அழிந்தமையே அவரை இப்பணியிற் புகுத்தியது என்பர். 1696இல் வேலை தொடங்கிற்று. பாறையில் 12 துளைகள் இட்டு இரும்புத் தண்டுகளை நாட்டுவதற்கே முதலாண்டின் கோடைகாலம் முழுதும் சென்றது. மறுவருடம் பிரான்சுக் கப்பலொன்று அவரைச் சிறைபிடித்துச் சென்றது. தாம் பொருதுவது இங்கிலாந்தோடேயன்றி மனிதகுலத்தோடன்று எனக் கருதிய பதினான்காம் லூயி மன்னன் அவரை விடுவித்தான் என்பது வழக்கு. 1698 நவம்பர் 14ஆம் நாள் அங்கே முதன்முதல் விளக்கேற்றப்பட்டது. அதனை எவ்வளவு புகழினும் தகும். எவரும் செய்யத் துணியாததை அவர் செய்தார்.

எனினும் அவரது கட்டடத்தின் படத்தை நோக்குவோர் அதன் குறையை எளிதிற் காண்பர். பல கோணங்களாலான சுவர், மேலே திறந்த மாடங்கள், வெளியே நீட்டிய அலங்காரத் தண்டுகள், கொடிகள், எழுத்துகள். முதலாண்டு மாரிக்காலத்தில் அலைகள் விளக்கின் மேலாகவும் பாய்ந்தமை கண்டு, 1699இல் அவர் கட்டடத்தை 120 அடி உயரத்துக்கு வளர்த்தார். உயர்த்தியபோது அலங்காரங்களும் கூடின. அலைக்கும் காற்றுக்கும் பிடி கொடுக்கும் உறுப்புகள் அத்தனையும் அதில் இருந்தன. ஐயமுற்றோரிடம், பெரும் புயலொன்று வீசும்போது தாம் அக்கட்டடத்துள்ளே இருக்க விரும்புவதாக வின்ஸ்ரன்லி கூறினாராம். அவ்விருப்பம் நிறைவேறிற்று. 1703 நவம்பர் 26ஆம் நாள் இரவு, இங்கிலாந்தின் வரலாற்றிலே மிகக் கொடிய புயல் வீசியபோது பழுதுபார்க்கச் சென்றிருந்த அவர் அங்கே தங்கியிருந்தார். மறுநாட் காலையிற் கரையிலிருந்து பார்த்தோர்க்கு வெறும் பாறையே தெரிந்தது. அதில் நாட்டிய இரும்புகள் சில மட்டுமே எஞ்சின. இரண்டு நாளின் பின் வணிகக் கப்பலொன்று அதே பாறையில் மோதி அழிந்தது. தம் கட்டடத்துக்கு உயிரையே பிணையாக வைத்த அவரது நேர்மையை எவரும் குறைகூற முடியாது. ஆனால் நேர்மை அலையின் பலத்தை அளக்காது.

இரண்டாமவர் ஜோன் றட்யேட். இவர் இலண்டனிற் பட்டு வணிகர். பட்டு வணிகருக்கும் கடற் கட்டடத்துக்கும் என்ன தொடர்பு என்று வியத்தல் இயல்பே. ஆயின் அவர் செய்த முதற் காரியம் மிகச் சிறந்தது. தாம் அறியாததை அறிந்தவர் யாவர் எனத் தேடினார். அலையைத் தாங்கும் பொருளைச் செய்து பழகியவர் கப்பல் கட்டும் தச்சரேயெனக் கண்டு, அவர் இருவரைத் துணைக்கொண்டார். அலங்காரம் யாவும் நீங்கின. அடி பருத்து மேலே ஒடுங்கும் வழுவழுப்பான கூம்பு வடிவம். உட்புறத்தே நிறையைத் தருதற்குக் கல். வெளியே கப்பலின் பக்கம்போல இறுகப் பொருத்திய மரப்பலகை. சரிந்த பாறையைப் படிபடியாக வெட்டிச் சமப்படுத்தியவரும் இவரே. நிறை வழுக்கிச் செல்லாது செங்குத்தாக இறங்கவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1709இல் நிறைவெய்திய அக்கட்டடம் 46 ஆண்டு அலையைத் தாங்கி நின்றது. அதனைக் கடல் அழிக்கவில்லை. 1755 டிசம்பர் 2ஆம் நாள் இரவு விளக்கறையின் கூரையிலே தீப்பற்றிற்று. மரமாகையால் மேலிருந்து கீழாக முழுதும் எரிந்துபோயிற்று.

அத்தீயைப்பற்றிய ஒரு செய்தியை விடுத்துச் செல்ல மனம் ஒருப்படவில்லை. காவலிருந்த ஹென்றி ஹோல் என்பவர்க்கு அப்பொழுது அகவை 94. அவர் மேல்நோக்கி வாளியால் நீரை வீசித் தீயணைக்க முயன்றபோது, கூரையில் உருகிய ஈயம் அவர்மீது வீழ்ந்தது. கரைசேர்ந்தபின், ஈயம் தம் வாயினூடாக வயிற்றுட் சென்றுவிட்டது என்று அவர் கூறியதை எவரும் நம்பவில்லை. பன்னிரண்டு நாளின் பின் அவர் இறந்தார். அவரது உடலைச் சோதித்த மருத்துவர் இரைப்பையிலிருந்து ஏழு அவுன்சுக்கு மேற்பட்ட ஈயக்கட்டியை எடுத்தார். அக்கட்டி இன்று ஸ்கொத்லாந்தின் தேசிய நூதனசாலையில் உள்ளது. எளிய தொழிலாளர் ஒருவரின் சொல் உண்மையென நிறுவப்படுதற்கு அவர் இறக்கவேண்டியிருந்தது.

பாறையின் உரிமையைக் குத்தகைக்குப் பெற்றிருந்தோர் இம்முறை இலண்டனிலுள்ள றோயல் கழகம் என்னும் அறிவியற் சங்கத்தின் தலைவரிடம் சென்று, தக்க ஒருவரைக் காட்டுமாறு வேண்டினர். அவர் காட்டியவரே ஜோன் ஸ்மீற்றன். அப்பொழுது அவர்க்கு வயது 31. 1724இல் லீட்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள ஒஸ்தோப் என்னுமிடத்திற் பிறந்தவர். தந்தையார் சட்டத்தரணி, மகனும் சட்டம் பயிலவேண்டுமென இலண்டனுக்கு அனுப்பினார். மகனுக்கோ சிறுவயதுமுதல் கருவிகளிலேயே நாட்டம். தந்தையாரிடம் தம் விருப்பத்தை எழுதித் தெரிவிக்க, அவரும் இசைந்தார். கறுப்பு மேலங்கியை விடுத்து அரத்தையும் கடைசற் பொறியையும் மைந்தர் கைக்கொள்ளுதற்கு இசையும் தந்தையர் எக்காலத்தும் அரியர். யாழ்ப்பாணத்துத் தந்தையரைப்பற்றிக் கூறவேண்டுவதில்லை. ஸ்மீற்றன் அளவைக்கருவிகள் செய்வதில் தேர்ந்து, 1753இல் றோயல் கழகத்தின் உறுப்பினரானார். கலங்கரை விளக்கம் ஒன்றையேனும் அவர் அதுகாறும் கட்டியதில்லை.

அவர் செய்தன இவை. முதலில் முன்னவர் இருவரின் கட்டடங்களைப்பற்றிக் கிடைத்த படங்களையும் குறிப்புகளையும் தேடிக் கற்றார். றட்யேட்டின் கட்டடம் மரமாகையால் வளைந்துகொடுத்தே அலையைத் தாங்கிற்று. ஆதலின் எடிஸ்ரனில் மரமன்றி வேறெதுவும் நில்லாது என்பது அக்காலத்துப் பலரின் கருத்து. ஸ்மீற்றன் அதனை மறுத்தார். மரம் எரியும், உளுக்கும். வளைந்துகொடுப்பது வலிமையன்று, அசையாதிருப்பதே வலிமை, அசையாதிருத்தற்கு நிறை வேண்டும், நிறைக்குக் கல்லே தக்கது என்பது அவரது முடிபு. வடிவத்திலோ றட்யேட்டை அவர் மறுக்கவில்லை; அடிபருத்த உருவின் நன்மையை ஏற்று, அதனை மேலும் திருத்தினார். ஓக்கு மரத்தின் அடி வேரோடு சேருமிடத்து வளைந்து விரிவதுபோலத் தம் கோபுரத்தின் அடியும் விரிதல் வேண்டுமெனக் கொண்டார். முன்னவரை முற்றும் தள்ளாமலும் முற்றும் பின்பற்றாமலும், எக்காரணத்தால் எது நின்றது, எக்காரணத்தால் எது வீழ்ந்தது எனப் பகுத்தமையே அவரது முதற் சிறப்பு.

அடுத்த வினா, கல்லைக் கல்லோடு சேர்க்குஞ் சாந்து. சாதாரணச் சுண்ணாம்புச் சாந்து காற்றிலே உலர்ந்து இறுகுவது; நீரிலே கரைந்துவிடும். ஏறத்தாழப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அலையுள் மூழ்கும் பாறையில் அதனாற் பயனில்லை. நீருள்ளே இறுகும் சுண்ணாம்பு சிலவிடங்களிற் கிடைக்கும் என்பது கட்டடத் தொழிலாளர் அறிந்ததே. ஏன் அவ்வாறு இறுகுகின்றது என்பதை எவரும் அறியார். கல் எவ்வளவு கடினமானதோ அவ்வளவு நல்ல சுண்ணாம்பு தரும் என்பதே வழிவழி வந்த நம்பிக்கை. பிளிமத்திலே வில்லியம் குக்வேதி என்னும் வேதியியலறிஞரின் வீட்டில் தங்கியிருந்த ஸ்மீற்றன் பல்வேறிடத்துச் சுண்ணக்கற்களைத் தருவித்தார். ஒவ்வொன்றையும் சுட்டு, நீற்றி, சிறு உருண்டையாகப் பிடித்து நீருள் இட்டுப் பார்த்தார். கடினமான கல்லும் மென்மையான கல்லும் ஒன்றுபோலவே நடந்தன. ஆகவே கடினம் காரணமன்று. பின்னர் அக்கற்களை அமிலத்திற் கரைத்தார். தூய கல் முற்றிலுங் கரைந்தது. நீருள் இறுகும் சுண்ணாம்பைத் தந்த கல்லோ அடியிலே களிமண்ணை எஞ்சவிட்டது. களிமண் கலந்த சுண்ணக்கல்லே நீரை வெல்லும் சுண்ணாம்பைத் தருவது என்னும் உண்மை அவ்வாறு வெளிப்பட்டது. வேல்சு நாட்டின் அபர்தோ என்னுமிடத்துச் சுண்ணாம்பையும், இத்தாலியிலிருந்து வந்த எரிமலை மண்ணையும் சமபங்காகக் கலந்து அவர் தமக்குரிய சாந்தை ஆக்கினார்.

இச்சோதனையின் விளைவு எடிஸ்ரனோடு முடியவில்லை. சுண்ணக்கல்லையும் களிமண்ணையும் செயற்கையாகச் சேர்த்துச் சுடும் முறை பின்வந்தோரால் வளர்க்கப்பட்டது; லீட்ஸ் நகரத்து மேசனாகிய ஜோசப் அஸ்ப்டின் 1824இல் போட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை பெற்றார். காங்கேசன்துறையில் 1950இல் உற்பத்தியைத் தொடங்கி 1990இல் போர்க்காலத்தில் நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலை, குடாநாட்டுச் சுண்ணக்கல்லோடு முருங்கன் களிமண்ணைச் சேர்த்தே சீமெந்து ஆக்கியது. களிமண்ணை ஏன் அவ்வளவு தொலைவிலிருந்து கொண்டுவரவேண்டும் என்று வினவும் மாணவர்க்கு விடை, ஸ்மீற்றனின் அமிலக் கிண்ணத்தின் அடியில் எஞ்சிய மண்ணிலே உள்ளது.

மூன்றாவது வினா, இணைப்பு. சாந்தை மட்டும் நம்பியிருக்க அவர் விரும்பவில்லை. தச்சர் பெட்டியின் மூலையைப் பொருத்துமாறு, ஒரு கல்லின் முனை புறாவின் வால்போல விரிந்து அடுத்த கல்லின் குடைவுள்ளே புகுந்து பூட்டிக்கொள்ளும்படி கற்களை வெட்டுவித்தார். பாறையிலும் அவ்வாறே குடைவுகள் வெட்டப்பட்டன. அதனால் அடிவரிசைக் கற்கள் பாறையின் உறுப்பாகவே ஆயின. வரிசைக்கு வரிசை வழுக்காதபடி இடையே சலவைக்கற் கட்டைகள் இறக்கப்பட்டன. வெளிப்புறத்துக்குக் கோண்வால் நாட்டுக் கருங்கல். உட்புறத்துக்கு வேலைக்கு இணங்கும் போட்லண்ட் கல். இவையனைத்தையும் முதலிலே தம் கையால் மரத்திற் சிறு மாதிரியாகச் செய்து பார்த்தார் என்பது மறக்கற்பாலதன்று. படம் வரையும் கையும் உளி பிடிக்கும் கையும் அவரிடத்தில் ஒன்றாகவே இருந்தன.

கற்கள் யாவும் கரையிலே வெட்டப்பட்டன. ஒவ்வொரு வரிசையும் பிளிமத்திலுள்ள வேலைத்தளத்தில் முழுதாக அடுக்கிப் பொருத்தம் பார்க்கப்பட்ட பின்னரே படகேறிற்று. கடலின் நடுவே ஒரு கல் பொருந்தாது போயின், அன்றைய வற்றுநேரம் வீணாகும். அடுத்த நாள் கடல் இடந்தருமென்பதற்கு உறுதியில்லை. வேலையாட்கள் இரு குழுவாகப் பிரிந்து, வாரத்துக்கொரு குழுவாகச் சென்றனர். போர்க்காலமாகையாற் கடற்படையினர் கரையோரத்து ஆடவரை வலிந்து பிடித்துச் செல்வது வழக்கம். அதனின்று காத்தற்கு வேலையாட்களுக்கு அடையாளப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. இதுவும் பொறியியலாளரின் வேலையோ என்று சிலர் வினவலாம். ஆட்கள் இல்லையேற் கல் எழும்பாது. கூலி, உணவு, படகு, பருவநிலை, காவல் ஆகிய இவற்றையெல்லாம் முன்கூட்டி எண்ணாதவரின் கணிப்பு தாளிலேயே நின்றுவிடும்.

1757 ஜூன் 12ஆம் நாள் முதற்கல் நாட்டப்பட்டது. ஸ்மீற்றன் கரையிலிருந்து கட்டளையிட்டவர் அல்லர். ஒருநாள் பாறையின் விளிம்பிலே தவறி வீழ்ந்து பெருவிரல் மூட்டு விலக, அதனைத் தாமே இழுத்துச் சரிசெய்து வேலையைத் தொடர்ந்தார். மற்றொருநாள் கரிப்புகையால் மூர்ச்சையுற்றார். 1500க்குச் சற்றுக் குறைந்த கற்களால் ஆகிய கோபுரம், 72 அடி உயரத்தில், 1759இல் நிறைவெய்திற்று. அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் விளக்கேற்றப்பட்டது. இத்துணைப் பெருங்கோபுரத்தின் உச்சியில் எரிந்தவை வெறும் 24 மெழுகுதிரிகளே. அவற்றின் கருகிய திரியைக் கத்தரிக்கும்படி காவலருக்கு நினைவூட்ட, அரைமணிக்கொருமுறை ஒலிக்கும் மணிக்கூடும் அங்கே வைக்கப்பட்டது. கோபுரத்துக்கு ஏற்ற விளக்கு வருதற்கு 1810வரை காத்திருக்கவேண்டியிருந்தது. 1762இன் தொடக்கத்தில் வீசிய பெரும்புயலிலே கோபுரத்துக்கு நேர்ந்த சேதம் மிகச் சிறிதே.

இத்தொழிலின் வரலாற்றிற் கோபுரத்தைக் காட்டிலும் முக்கியமானதொன்று, அதன்பின் அவர் வாழ்ந்த முறை. கால்வாய், பாலம், துறைமுகம், சதுப்புநில வடிகால், ஆலை எனப் பலவகைப் பணிகளுக்கும் அவரை நாடினர். அவர் இடத்தைச் சென்று பார்த்து அளந்து, செய்யத்தக்கது எது, செய்யத்தகாதது எது, செலவு எவ்வளவு என அறிக்கை எழுதுவார், படம் வரைவார், தளத்திலே தம் சார்பாக ஒருவரை நிறுத்துவார். ஒப்பந்தகாரரின் இலாபத்தில் அவர்க்குப் பங்கில்லை. தம் அறிவுக்கு மட்டுமே ஊதியம் பெற்றார். இன்று ஆலோசனைப் பொறியியலாளர் எனப்படுவோரின் நடைமுறை ஏறத்தாழ அவ்வாறே உருவாயிற்று. நீர்ச்சில்லுகளைப்பற்றி அவர் சிறு மாதிரி கொண்டு செய்த சோதனைகளும் அவ்வகையினவே. சில்லின் கீழே நீரை ஓடவிடுவதிலும் மேலிருந்து வீழவிடுவதிலும் பயன் ஒன்றே எனப் பலர் கருதியிருக்க, மேலிருந்து வீழும் நீர் ஏறத்தாழ இருமடங்கு வேலையைத் தரும் என அளந்து காட்டினார். அதற்காக 1759இல் றோயல் கழகத்தின் கொப்லி பதக்கம் அவர்க்குக் கிடைத்தது.

1771இல் அவரும் அவரொத்த சிலரும் இலண்டனிற் கூடிக் குடிசார் பொறியியலாளர் சங்கமொன்றை நிறுவினர். அவர் எழுதிய அறிக்கைகள் அவர் இறந்த பின் 1812இல் நூல்வடிவம் பெற்றன. 1818இல் இளைஞர் சிலர் தொடங்கிய குடிசார் பொறியியலாளர் நிறுவகம், தோமஸ் டெல்போர்ட்டைத் தலைவராகக் கொண்டு வளர்ந்து, 1828இல் அரச பட்டயம் பெற்றது. அதன்பொருட்டுத் தோமஸ் திறெட்கோல்ட் எழுதிய இலக்கணத்தின்படி, இயற்கையிலுள்ள பெரும் ஆற்றல்களை மாந்தர் பயனுக்கும் வசதிக்கும் செலுத்துங் கலையே பொறியியல். செலுத்துதல் என்பதே அதில் உயிரான சொல்; அலையை ஒழித்தல் எவராலும் இயலாது.

இவையெல்லாம் கூறி, ஸ்மீற்றன் தவறே செய்யாதவர் எனக் காட்டுதல் வரலாறாகாது. ரைன் ஆற்றின் குறுக்கே ஹெக்சம் என்னும் ஊரிலே 1770இல் முடிந்த பாலமொன்றை மறுவருட வெள்ளம் கொண்டுசென்றது. பின்னர் அவ்வூரிலே பாலம் அமைக்கும் பணி ஸ்மீற்றனிடம் வந்தது. 1780இல் அவரது பாலம் நிறைவெய்தியது. 1782 மார்ச்சு மாதத்து வெள்ளத்திலே அதுவும் வீழ்ந்தது. பாலத்தின் கல்லோ சாந்தோ பிழைசெய்யவில்லை. தூண்களின் அடியிலிருந்த ஆற்றுப்படுகையை வெள்ளம் அரித்துச் சென்றது. எடிஸ்ரனில் அடித்தளம் பாறை; ஹெக்சத்தில் அது பரலும் மணலும். அலையை அறிந்தவர் ஆற்றின் அடியை முற்றும் அறிந்திலர். தம் வாழ்நாளில் நேர்ந்த பெருந்தோல்வி அதுவென அவர் மனம் நொந்தார். பழியைப் பிறர்மேற் சுமத்தவில்லை. மேசனின் சுவர் வீழ்ந்தால் மேசனைக் கேட்பர். முழுமையும் வீழ்ந்தால் விடைகூறவேண்டியவர் ஒருவர் இருக்கின்றார். அவரே பொறியியலாளர். இத்தொழிலைக் கௌரவமாக மட்டும் எண்ணி நாடுவோர்க்கு எடிஸ்ரனைக் காட்டிலும் ஹெக்சமே முதலிற் கற்பிக்கத்தக்கது.

ஸ்மீற்றன் 1792இற் காலமானார். அவரது கோபுரம் நூற்றாண்டுக்கு மேலாக நின்றது. 1870களில் ஒரு விந்தையான செய்தி வெளிப்பட்டது: கோபுரம் உறுதியாகவே இருக்க, அதன் கீழுள்ள பாறையைக் கடல் குடைந்துவிட்டது. பேரலை மோதும்போது கோபுரம் அதிர்ந்தது. ஆகவே அண்மையிலுள்ள மற்றொரு பாறையிற் புதிய கோபுரம் அமைக்கும் பொறுப்பு ஜேம்ஸ் டக்ளஸ் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது; 1882இல் அது ஒளிவீசிற்று. பழைய கோபுரத்தின் மேற்பகுதியைப் பிளிமத் மக்கள் கல்லுக்குக் கல் கழற்றிக் கொணர்ந்து தம் கடற்கரை மேட்டிலே நிறுத்தினர். இன்றும் அதைக் காணலாம். அடிப்பகுதி பாறையோடு பூட்டிக்கொண்டிருந்தமையால் அங்கேயே விடப்பட்டது. நீராற் குடையப்பட்ட அந்தப் பாறைமேல் அது இன்னும் நிற்கின்றது.

டக்ளஸ் ஸ்மீற்றனின் பூட்டுக்கல் முறையை ஏற்றார். ஓக்குமர வடிவத்தை ஏற்கவில்லை. மரத்தைத் தாக்குவது காற்று; அது கிளையும் இலையும் உள்ள மேற்பகுதியைத் தாக்குவது. கோபுரத்தைத் தாக்குவது அலை. அது அடியைத் தாக்குவது. வளைந்து சரிந்த அடி, மோதிய அலைக்குப் படிக்கட்டுப்போல் ஆகி, அதனை மேலே விளக்குவரை ஏறச்செய்தது. ஆதலின் அவர் செங்குத்தான பெரிய உருளையொன்றை அடித்தளமாக அமைத்து, அதன்மேற் கோபுரத்தை எழுப்பினார். அலை உருளையில் மோதிச் சிதறும்.

இவ்வுருளை அடித்தளம் எடிஸ்ரனுக்கு முன்னரே கட்டிப்பார்க்கப்பட்ட இடங்களுள் ஒன்று இலங்கைக் கடலில் உள்ளது. நம் நாட்டின் தென்கீழ்க் கரைக்கு அப்பால், யால வனத்தை அடுத்த கடலிலே, கப்பல்களுக்குக் கூற்றமாய் இருந்த இரு பாறைத்தொடர்கள் உள. ஆங்கிலேயர் அவற்றைப் பெரிய பாசெஸ், சிறிய பாசெஸ் என்றனர்; சிங்கள மக்கள் மகா இராவணன் கோட்டை, குடா இராவணன் கோட்டை என வழங்குவர். பெரிய பாறையில் இரும்புக் கோபுரம் அமைக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் செய்த முயற்சி, பெருந்தொகை செலவான பின் கைவிடப்பட்டது. பின்னர் ஜேம்ஸ் டக்ளஸ் வகுத்த அமைப்பின்படி, அவர் தம்பியாகிய வில்லியம் டக்ளஸ் தளத்திலே நின்று வேலையை நடத்தினார். கருங்கற்கள் ஸ்கொத்லாந்திலே ஒன்றோடொன்று பூட்டும்படி வெட்டப்பட்டு, அங்கிருந்து கப்பலேறி வந்தன. 1873 மார்ச்சு மாதத்திலே மகா இராவணன் கோட்டையில் விளக்கெரிந்தது; 1878இல் சிறிய பாறையிலும் எரிந்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையின் பின்னும் இரண்டும் நிற்கின்றன. அடியிலே உருளை, அதன்மேற் கோபுரம், கல்லுக்குக் கல் புறாவின் வால்.